ஆளில்லாத திசை

ஆற்றில் தண்ணீர் வருவது நின்றுபோன பிறகுதான் தேரி என்ற செம்மணல் காடு வளரத் தொடங்கியது. முன்பு கடற்கரையோரம் ஒரு மூலையில் கிடந்த அந்த மணல், வாழைத் தோட்டங்களையும் குளங்களையும் மூடிக்கொண்டு ரயில் பாதை வரைக்கும் வந்துவிட்டது. மணல் போன இடமெல்லாம் சீமைக்கருவேலமும் கூடவே போனது. ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து கச்சான் அடிக்கும். இருந்த ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே உதறிவிட்டு வரும் காற்று அது. உதடு வெடிக்கும். கொடியில் போட்ட சேலை, அடுத்த சேலையைப் பிழிந்து முடிப்பதற்குள் முறுகிவிடும். அந்த நாட்களில் கருவேலங்காட்டில் ஒரு பொறி விழுந்தால் போதும், தீ ஆள் ஓடுவதைவிட வேகமாக ஓடும்.

சமாதானவிளை இரண்டு தடவை அப்படி எரிந்த ஊர். மூன்றாவது தடவை எரியக் கூடாது என்றுதான் ஊருக்கு மேற்கே காற்றுத் திருப்பு நிலையத்தைக் கட்டினார்கள். அங்கிருந்த பழைய காற்றாலைகளோடு புதிதாகப் பலவற்றை நட்டு, எல்லாவற்றையும் ஒரே மூளையோடு இணைத்தார்கள். அந்த மூளைக்குச் சுக்கான் என்று பெயர் வைத்தார்கள். தீ எந்தப் பக்கம் போகும், எந்தப் பக்கம் திருப்பினால் சேதம் குறையும் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். ஆனால் தானாக எதையும் செய்யாது. பணியில் இருக்கும் பொறியாளர் ஒருவர் சம்மதம் கொடுக்க வேண்டும்.

ராஜகனி அந்தப் பொறியாளர்களில் ஒருத்தி. சமாதானவிளைக்காரி. கணவன் துறைமுகத்தில் வேலை. ஒரே மகள் ஜெனி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ராஜகனிக்கு வேலையில் கெட்டிக்காரி என்று பெயர். நிலையத் தலைவர் எட்வின் சார் புதிதாக வருகிறவர்களிடம் ராஜகனியைக் காட்டி, இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார்.

வைகாசியில், தேரிக்குள் இருந்த காற்றுமானி ஒன்று வேலை செய்யவில்லை என்று அவள் தனியாக ஜீப்பை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பும்போது மணலில் சக்கரம் புதைந்தது. எடுக்க எடுக்க இன்னும் இறங்கியது. போனில் சிக்னல் இல்லை. வெயிலில் தலை கிறுகிறுக்க உட்கார்ந்திருந்தபோது கருவேலங்காட்டுக்குள்ளிருந்து சிலர் மண்வெட்டியும் பனைமட்டையுமாக வந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மணலை வெட்டி, சக்கரத்துக்கு அடியில் மட்டையைக் கொடுத்து, ஜீப்பைத் தள்ளி ஏற்றிவிட்டார்கள். பிறகு அவளைத் தங்கள் குடிசைக்குக் கூட்டிப்போய் நீராகாரம் கொடுத்தார்கள்.

கரிமூட்டம் போடுகிறவர்கள். கமுதிப் பக்கத்திலிருந்து வந்த சில குடும்பங்கள். கருவேல விறகை வட்டமாக அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே காற்றுப் புகாமல் நாள்கணக்கில் வேகவைத்துக் கரியாக்குவார்கள். மூட்டத்தின் மேல் மண் எங்காவது வெடித்தால் உடனே பூசி அடைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பது முழுக்க எரிந்துபோகும். அதனால் ஒருவர் எப்போதும் பக்கத்திலேயே இருப்பார். ஊர்க்காவலன் என்பவர்தான் அவர்களுக்குப் பெரியவர் மாதிரி. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அவர் மனைவி குருவம்மாள்.

காற்றாலைகளைக் காட்டி, அதை வைத்துக் காற்றை நிறுத்திவிடுவீர்களாமே என்று ஊர்க்காவலன் கேட்டார்.

"நிறுத்தல்லாம் முடியாதுண்ணே," என்றாள் ராஜகனி. "ஒரு வரிசையில றெக்கையச் சாச்சு வச்சா அங்கன காத்து தடுமாறும். பக்கத்து வரிசையில வேகமா உருவிட்டுப் போவும். போற ஆள தோளப் பிடிச்சு லேசாத் திருப்புத மாதிரிதான். தீயும் காத்து பின்னாலதான போவும்."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். குருவம்மாளுக்கு வேறு கவலை இருந்தது. கிளம்பும்போது ஜீப் வரைக்கும் கூடவே வந்தாள்.

"தாயி, உங்க மேப்புப் படத்துல எங்கள ஏத்திறாதீக. போன வருசம் வேற காட்டுல இருந்தப்ப ஒருத்தரு வந்து அளந்துட்டுப் போனாரு. மறு வாரமே வனத்துறை வண்டி வந்து குடிசையெல்லாம் பிடுங்கிப் போட்ருச்சு. பொழப்பே போயிரும்."

ஏற்ற மாட்டேன் என்று ராஜகனி வாக்குக் கொடுத்தாள். நிலையத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. சில நாட்கள் கழித்து, தேரியில் இந்த இடத்தில் மெல்லிய புகை தெரிகிறது, குடியிருப்பு இருக்கிறதா என்று சுக்கான் திரையில் கேட்டது. ஆள் இல்லை என்று அவள் பதில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தனக்குள் சிரித்தும் கொண்டாள். ஏழைகளுக்காக ஒரு எந்திரத்திடம் பொய் சொன்னதில் என்ன தப்பு? தான் மற்ற அதிகாரிகளைப் போல இல்லை என்று நினைத்துக்கொள்ள அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆடியில் கச்சான் வலுத்தது. நிலையத்துக் கண்ணாடி ஜன்னல்களில் மணல் சடசடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வற்றிப்போன பெரிய குளத்துக்கு மேற்கே மின்கம்பிகள் காற்றில் ஒன்றோடொன்று உரசிப் பொறி விழுந்தது. கரையெல்லாம் காய்ந்த கருவேலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு சிவப்புப் புள்ளி கோடாக நீண்டு, கோடு நாக்காக விரிந்து, சமாதானவிளையைப் பார்த்து நகர்ந்தது.

அறைக்குள் ஆட்கள் ஓடி வந்தார்கள். எட்வின் சார் ஒரு கையில் தாசில்தாரின் போனையும் மறு கையில் தீயணைப்பு நிலையத்தின் போனையும் பிடித்துக்கொண்டு, ஊரைக் காலி செய்ய நேரம் இல்லை, திருப்பித்தான் ஆக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சுக்கான் தன் கணக்கை முடித்தது. தெற்கே, தேரிக்குள் திருப்பலாம். ஊர் தப்பும். சேதம் எதுவும் இல்லை. ஆளில்லாப் பகுதி.

திரையில் பச்சை அம்புக்குறி போய் முடிந்த இடத்தை ராஜகனி பார்த்தாள். அவளுக்கு அந்த இடம் தெரியும். ஜீப் புதைந்த மேட்டுக்கு நேர் கிழக்கே.

அவள் கை மேசை மேல் அப்படியே நின்றது. எட்வின் சார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா? ஏதும் பிரச்சனையா?"

அறையில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. உனக்கு எப்படித் தெரியும்? எப்போதிலிருந்து தெரியும்? இல்லை என்று நீதானே பதில் கொடுத்திருக்கிறாய்? இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்ன வாயால் எட்வின் சார் அதைக் கேட்பார். புதிதாகச் சேர்ந்த பெண் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள். சம்மதத்தை அழுத்தினாள்.

புகையைப் பார்த்துவிட்டு அவர்கள் ஓடியிருப்பார்கள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். காட்டில் பிழைக்கிறவர்களுக்குத் தீயின் போக்குத் தெரியாதா? ஒலிபெருக்கி கட்டிய டிரோன் ஒன்று கொட்டகையில் சும்மாதான் இருந்தது. அதை அனுப்பி எச்சரிக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அனுப்பினால், ஆளில்லாத இடத்துக்கு எதற்கு என்று கேட்பார்கள். அந்த நினைப்பையும் விட்டுவிட்டாள்.

மேற்கே காற்றாலைகள் ஒவ்வொரு வரிசையாக இறக்கையைச் சாய்த்தன. சிவப்பு நாக்கு சற்றுத் தயங்கி, பிறகு மெதுவாகத் தெற்கே வளைந்தது. அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். சமாதானவிளைக் கோயில் மணியை யாரோ விடாமல் அடிப்பது போனிலேயே கேட்டது. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. ஜெனி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பிள்ளைக்காகத்தான் அழுத்தினேன் என்று நினைத்துக்கொள்ள ராஜகனிக்கு மிகவும் ஆசையாக இருந்தது. யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ளக்கூடிய காரணம். ஆனால் அந்த நேரத்தில் ஜெனியின் நினைவே தனக்கு வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கதவருகே நின்ற புதுப் பெண்ணின் முகம்தான் கண் முன்னால் இருந்தது.

விடிந்ததும் செய்தி வந்தது. தேரியிலிருந்து தீக்காயங்களோடு சிலர் கடற்கரைச் சாலைக்கு நடந்தே வந்து விழுந்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளேயே கருகிப்போயிருக்கிறார். காட்டுக்குள் திருட்டுத்தனமாகக் கரிமூட்டம் போட்டவர்கள், தீயே அவர்களால்தான் பிடித்திருக்கும் என்று தொலைக்காட்சியில் பேசினார்கள்.

ராஜகனி அரசு மருத்துவமனைக்குப் போனாள். பெண்கள் வார்டுக்கு வெளியே, கை இரண்டிலும் கட்டுப் போட்ட குருவம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் அவசரமாக அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கிட்டே வரச் சொல்லித் தலையசைத்தாள்.

"போலீசு வந்து கேட்டுச்சு தாயி. நீங்க தேரிக்குள்ள இருந்தது யாருக்குத் தெரியும்னு. உங்க பேர நான் சொல்லல. எங்களுக்காக வாக்குக் காத்த பிள்ள, உங்களுக்கு எதுக்கு வம்பு."

ராஜகனி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். குருவம்மாள் தானாகவே மெல்லச் சொன்னாள். புகை நேரே ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்ததாம். தங்கள் பக்கம் வராது என்றுதான் அவர்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காற்று முகத்தில் அடித்தது. எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊர்க்காவலனும் ஓடினார். பாதி வழியில் நின்று, மூட்டம் வெடித்திருக்கிறது, அதை அடைத்துவிட்டு வருகிறேன் என்றார்.

"எதுக்குய்யா, அதுவா முக்கியம்னு கத்துனேன். பெறகு நம்ம மூட்டத்துலருந்துதான் தீ வந்துச்சுன்னு சொல்லிருவாங்கடின்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனாரு." அவள் கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "கடைசியில அதத்தான சொல்லுதாங்க."

ராஜகனி அங்கிருந்து நேரே நிலையத்துக்குப் போனாள். ஒத்திகை அறையில் யாரும் இல்லை. முந்தைய நாளின் காற்றையும் தீயையும் அப்படியே சுக்கானுக்குத் திரும்பக் கொடுத்தாள். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினாள். தேரியில் அந்த இடத்தில், ஆட்கள் இருக்கிறார்கள் என்று குறித்தாள்.

சுக்கான் யோசிக்கக்கூட இல்லை. அம்புக்குறி இன்னும் கொஞ்சம் கிழக்கே நகர்ந்து, குடிசைகளுக்கும் ஊருக்கும் நடுவே இருந்த முந்திரித் தோப்புக்குள் போய் நின்றது. பெரிய மனிதர் ஒருவரின் தோப்பு. ஆடியில் அங்கே காவலுக்குக்கூட ஆள் கிடையாது. மரங்கள் எரியும். ஊரும் தப்பும், குடிசைகளும் தப்பும்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலையில் யாரும் அவளைக் கொண்டுபோய் நிறுத்தவில்லை. அப்படி ஒரு இக்கட்டு அங்கே இருக்கவே இல்லை. திரையை அணைத்துவிட்டு அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். புதுப் பெண் உள்ளே எட்டிப் பார்த்து, டீ வாங்கி வரட்டுமா அக்கா என்று கேட்டபோது ராஜகனியால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

விசாரணை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. தலைநகரிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். அதற்கு முன்னால் எட்வின் சார் ராஜகனியைத் தனியாக அழைத்தார். குடியிருப்பு இல்லை என்று நீ பதில் கொடுத்தபோது யாரும் இல்லை, அதற்குப் பிறகு வந்து குடியேறியிருக்கலாம் என்று சொல்லிவிடு, யாரும் மறுக்கப்போவதில்லை என்றார். அவர் அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தார்.

முதலில் குருவம்மாளைக் கேட்டார்கள். நீங்கள் அங்கே இருந்தது வெளியில் யாருக்காவது தெரியுமா?

"யாருக்கும் தெரியாதும்மா. நாங்க ஒளிஞ்சுதான் இருந்தம்."

ராஜகனி இருந்த வரிசையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ராஜகனியைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து நின்றாள். எட்வின் சார் சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில் இருந்தது.

"அவங்க பொய் சொல்லுதாங்க மேடம்," என்றாள். "எனக்குத் தெரியும். வைகாசியிலேயே தெரியும். தெரிஞ்சுதான் காத்தத் திருப்புனேன்."

அதன் பிறகு எதையும் மறைக்கவில்லை. ஜீப் புதைந்தது, வாக்குக் கொடுத்தது, சுக்கானிடம் பொய் சொன்னது, சம்மதத்தை அழுத்தும் முன் கை நின்றது, முந்திரித் தோப்பு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்குவது போல இருந்தது. மூச்சு நன்றாக வந்தது. பேசி முடித்துக் குருவம்மாளைப் பார்த்தாள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. தன் பிள்ளை ஊர் நடுவே எதையோ போட்டு உடைத்துவிட்டதைப் பார்க்கிற தாயைப் போல இருந்தாள்.

ராஜகனிக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். மனசாட்சி உள்ள பொறியாளர் என்று ஒரு பத்திரிகை எழுதியது. தீ கரிமூட்டத்திலிருந்து வரவில்லை, மின்கம்பியிலிருந்துதான் வந்தது என்பதும் விசாரணையில் முடிவானது. ஊர்க்காவலன் எதற்காகத் திரும்பிப் போனாரோ அந்தப் பழி நீங்கியது. ராஜகனி அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சில நாட்கள் ஓரளவு தூங்கினாள்.

பிறகு உத்தரவு வந்தது. பாதுகாப்பை முன்னிட்டு, தேரிக்குள் ஒளிந்திருக்கும் எல்லாக் குடியிருப்புகளையும் கண்டுபிடித்துக் குறிக்க வேண்டும். குறித்த பிறகு, அடுத்த கச்சானுக்கு முன்னால் எல்லோரையும் அப்புறப்படுத்த வேண்டும். டிரோன்கள் மணல்மேடு மணல்மேடாகத் தேடின. கரிமூட்டக்காரர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், பனங்காட்டுக்குள் குடிசை போட்டிருந்தவர்கள், யாருக்கும் தெரியாமல் இத்தனை பேர் அங்கே பிழைத்துக்கொண்டிருந்தார்களா என்று அதிகாரிகளே வியந்தார்கள். ஒரு குடிசை விடாமல் பிடுங்கினார்கள்.

கடைசியாக, எரிந்த இடத்திலேயே மறுபடி குடிசை போட்டிருந்த குருவம்மாளின் கூட்டத்தை ஏற்றிய அன்று ராஜகனி கடற்கரைச் சாலைக்குப் போனாள். ஒரு பழைய லாரியில் தகரங்களையும் பாத்திரங்களையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு மூட்டையைத் தூக்கப் போனாள். குருவம்மாள் அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி, தானே மேலே கொடுத்தாள். கைகளில் தோல் இன்னும் வெள்ளையாகச் சுருங்கி இருந்தது.

"என்ன மன்னிச்சிருங்கக்கா," என்றாள் ராஜகனி.

குருவம்மாள் முந்தானையால் முகத்து மணலைத் துடைத்தாள்.

"அன்னைக்கு நீங்க வாயத் திறந்திருக்கணும் தாயி. திறக்கல. சரி, அது போச்சு. அந்த மனுசன் போயாச்சு. அதுக்குப் பெறகாவது வாய மூடியிருக்கலாம்ல? நாந்தான் யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டேனே. உங்களுக்குப் பாரம் எறங்குச்சு. எங்களுக்குக் கூர போச்சு."

குரலில் சூடு இல்லை. அதனாலேயே ராஜகனியால் அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். இன்னும் தெரியாது, டிரைவர் எங்கே இறக்கிவிடுகிறாரோ அங்கே என்றாள் குருவம்மாள்.

"வடக்க, உப்பாத்துப் பாலத்தத் தாண்டுனா ஒரு பெரிய பொட்டல் கிடக்குக்கா," என்றாள் ராஜகனி அவசரமாக. "கருவேலம் நிறைய இருக்கு. மூட்டம் போடலாம். வனத்துறை எல்லைக்கும் வெளிய. ஒருத்தரும் வந்து கேக்க மாட்டாங்க."

"அங்கிட்டு ஊரு ஏதும் இருக்கா?"

"இல்லக்கா."

"தோப்பு, கம்பெனி, அந்த மாதிரி?"

"ஒண்ணுமே கிடையாது."

குருவம்மாள் லாரியோரம் நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அது வேணாம் தாயி. ஒண்ணுமில்லாத பக்கந்தான தீயத் திருப்புவீக," என்றாள்.

பிறகு லாரியின் முன்பக்கம் போய் டிரைவரிடம், ஊருக்குள்ளேயே எங்காவது பெரிய கட்டடமாகப் பார்த்து, அதன் சுவரோரமாக இறக்கிவிடச் சொன்னாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே கொடுத்துவிட்டு, கடைசியாகத் தானும் ஏறினாள். லாரி சமாதானவிளையைப் பார்த்துக் கிளம்பியது. பின்னால் எழுந்த செம்மண் புழுதி ராஜகனியின் மேல் படிந்தது. அவள் அதைத் தட்டிவிடாமல் சாலையிலேயே நின்றாள்.